50 மீட்டருக்குக் கீழே பவளமும் கடற்பஞ்சும்

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஆழம் போகப் போகப் பவளம் குறைந்து கடற்பஞ்சு பெருகுகிறது என்கிறார்களே, ஏன்? மேலே இருக்கும் பவளங்கள் வெப்பத்தில் வெளிறிச் செத்தாலும் ஆழத்தில் இருப்பவை தப்பித்து, பிறகு மேலே வந்து குடியேறிவிடும் என்பது உண்மையா?

சுருக்கமாகச் சொன்னால், முதல் கேள்வியில் சொன்னது பாதியளவு உண்மை. இரண்டாவதில் சொன்னது கால்பங்கு உண்மை. விளக்கத்துக்கு நான் கரீபியன் கடலை, அதிலும் ஜமைக்காவின் வடகரையில் உள்ள டிஸ்கவரி பே பகுதியை எடுத்துக்கொள்கிறேன். தாமஸ் கோரோ 1950களிலிருந்து அந்தக் கரையோரம் மூழ்கி மூழ்கிக் குறிப்பெடுத்தவர். பவளத்திட்டின் ஆழமான சரிவைப் பற்றி இன்று நாம் பேசுவதில் கணிசமான பங்கு அவரும் அவருடன் இருந்தவர்களும் அங்கே பார்த்ததுதான்.

நம் ஊரில் பவளம் என்றதும் மன்னார் வளைகுடாத் தீவுகள்தான் நினைவுக்கு வரும். அங்கே பவளம் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே முடிந்துவிடும். ஜமைக்கா அப்படியில்லை. கரையிலிருந்து கொஞ்ச தூரம் நீந்தினாலே தரை சரிய ஆரம்பிக்கும். பிறகு சரிவு செங்குத்தாகி, சுவர் மாதிரி 100 மீட்டருக்கும் கீழே இறங்கும். 30 மீட்டரிலிருந்து ஏறக்குறைய 150 மீட்டர் வரையான இந்தப் பட்டையை ஆய்வாளர்கள் மீசோஃபோட்டிக் என்பார்கள். நான் மங்கொளி மண்டலம் என்று சொல்லிக்கொள்கிறேன். 30 என்ற எல்லையில் கொஞ்சம் மனிதச் சௌகரியமும் இருக்கிறது. சாதாரணக் காற்றுச் சிலிண்டருடன் மூழ்குபவர்கள் 30, 40 மீட்டரோடு திரும்பிவிடுவார்கள். அதற்குக் கீழே போக ரீபிரீதர் (விட்ட மூச்சையே சுத்திகரித்து மறுபடி தரும் கருவி), கலவை வாயு, அல்லது சிறு நீர்மூழ்கிக் கலம் வேண்டும். பவளத்துக்கு அந்தக் கோடு தெரியாது. ஆயிரம் மீட்டர் ஆழத்துக் குளிர்நீர்ப் பவளங்கள் முற்றிலும் வேறு கதை, அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

சரி, முதலில் வெளிச்சம். சிவப்பு நிறம் முதல் சில மீட்டரிலேயே காலி. மஞ்சளும் பச்சையும் அடுத்தடுத்துப் போய், கடைசியில் நீலம் மட்டும் மிஞ்சும். தெளிந்த கரீபியன் நீரிலும் 60, 70 மீட்டருக்குப் போனால் மேற்பரப்பு வெளிச்சத்தில் நூற்றுக்குச் சில பங்குதான் எட்டும். பவளம் விலங்குதான் என்றாலும் அதன் வயிற்றுப்பாட்டில் பெரும்பங்கை அதன் திசுவுக்குள் குடியிருக்கும் ஒற்றைச்செல் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து தருகின்றன. வெளிச்சம் குறைந்தால் வரவு குறைகிறது. அப்போது செலவைச் சுருக்க வேண்டும்.

எப்படிச் சுருக்குகிறது என்பதை உருவத்திலேயே பார்க்கலாம். மேலே குன்று மாதிரித் திரண்டு வளரும் ஆர்பிசெல்லா வகைகள் 30 மீட்டரைத் தாண்டும்போது சப்பையாகி, ஓட்டுக் கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சரிந்த தட்டுகளாகின்றன. இன்னும் கீழே அகாரிசியா என்ற பவளப் பேரினம் மேலோங்குகிறது. லாமார்க்கி, கிரஹாமே, உண்டாட்டா என்று அதில் சில இனங்கள். எல்லாமே அகன்ற, மெல்லிய தகடுகள். ஒரே அளவு சுண்ணாம்பைக் கொண்டு எவ்வளவு பரப்பை விரிக்கலாம் என்று கணக்குப் போட்டுக் கட்டியது போல இருக்கும். கிளைவிட்டு வளர்ந்தால் ஒரு கிளையின் நிழல் இன்னொன்றின்மேல் விழும். மேலே வெளிச்சம் மிதமிஞ்சி இருப்பதால் அது பரவாயில்லை. இங்கே அப்படி வீணடிக்க முடியாது.

தட்டையாக விரிவதற்கும் ஒரு விலை உண்டு. விரித்த தட்டில் வெளிச்சம் விழுவது போலவே மேலிருந்து உதிரும் மணலும் வண்டலும் விழும். அதனால்தான் செங்குத்துச் சுவரில் இந்தத் தகடுகள் சற்றே சாய்வாக, வெளிப்பக்கம் தணிந்து நிற்கும்.

நிறத்திலும் ஒரு வித்தை இருக்கிறது. செங்கடலின் ஆழமான பவளங்கள் சிலவற்றில் நீல ஒளியை வாங்கி ஆரஞ்சுச் சிவப்பாகத் திருப்பி விடும் புரதங்கள் உண்டு. நீலம் திசுவின் மேலடுக்கிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். ஆரஞ்சு இன்னும் உள்ளே போகும், அங்கே இருக்கும் பாசிகளுக்கும் பங்கு கிடைக்கும். நீல ஒளி மட்டும் கொடுத்து வளர்த்த சோதனையில், இந்தப் புரதம் நிறைய உள்ளவை மற்றவற்றைவிட அதிக நாள் தாக்குப்பிடித்தன. எல்லை எதுவரை? பிரெஞ்சு பொலினீசியாவின் காம்பியர் தீவுகளில் 172 மீட்டரில் லெப்டோசெரிஸ் ஹவாயென்சிஸ் உயிரோடு, உள்ளே பாசியோடு இருந்ததை 2021இல் பதிவு செய்திருக்கிறார்கள். ஒளிச்சேர்க்கைப் பாசியை வைத்திருக்கும் பவளங்களில் நமக்குத் தெரிந்த ஆழச் சாதனை அதுதான்.

அகாரிசியாவுக்கும் கீழே பாசியே இல்லாத பவள உறவினர்கள்: கரும்பவளம், கடல் விசிறி, சாட்டை போல நீண்டவை. இவை மிதவை உயிரிகளைப் பிடித்துத் தின்பவை. இந்த இடத்தில்தான் கடற்பஞ்சும் கதைக்குள் வருகிறது. அதற்கும் பிழைப்பு வெளிச்சத்தில் இல்லை, ஓடும் நீரில்தான்.

கடற்பஞ்சு என்ன செய்கிறது என்று காட்ட மூழ்குபவர்கள் செய்யும் ஒரு வேடிக்கை உண்டு. ஒளிரும் பச்சைச் சாயத்தை ஊசிக்குழாயில் எடுத்துப்போய், பீப்பாய் வடிவக் கடற்பஞ்சு ஒன்றின் அடிப்பக்கச் சுவரை ஒட்டி மெல்லப் பீய்ச்சுவார்கள். சாயம் சுவரோரம் மேகமாகத் தொங்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மேகம் சுவருக்குள் இழுபட்டு மறைந்துபோகும். சில நொடி கழித்து, பீப்பாயின் வாயிலிருந்து செங்கல் சூளைப் புகைபோக்கி மாதிரிப் பச்சை குபுகுபுவென்று மேலே எழும். இதயமும் நரம்பும் தசையும் இல்லாத ஒரு ஜந்து, சவுக்கிழை முளைத்த கோடிக்கணக்கான சின்னச் செல்களை ஆட்டியே இந்தப் பம்பை ஓட்டுகிறது. ஒரு கிலோ கடற்பஞ்சு ஒரு நாளைக்கு 24,000 லிட்டர் வரை நீரை இறைக்கும் என்பது அடிக்கடி எடுத்தாளப்படும் கணக்கு. இரண்டு தண்ணி லாரி கொள்ளும் அளவு.

அந்த நீரிலிருந்து எதை எடுக்கிறது? ஹென்றி ரைஸ்விக் 1970களின் தொடக்கத்தில் இதே ஜமைக்காக் கரையில் உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் தனித்தனியாகப் பிடித்து ஒப்பிட்டார். பாக்டீரியாவில் பெரும்பகுதியைக் கடற்பஞ்சு வடிகட்டிவிட்டிருந்தது. ஆனால் பாக்டீரியாவைக் கூட்டிப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது. உணவின் பெரும்பங்கு நுண்ணோக்கியில் தெரியாத ஏதோ ஒன்றாக இருந்தது.

அந்த ஏதோ ஒன்றின் ஒரு பகுதி, நீரில் கரைந்த கரிமப் பொருள் என்று பிற்பாடு தெரியவந்தது. பவளத்தின் சளி, பாசிகளின் கசிவு எல்லாம் கரைந்து சர்க்கரைத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். மீனோ நண்டோ அதைக் குடித்துப் பிழைக்க முடியாது. கடற்பஞ்சு பிழைக்கும். யாஸ்பர் டி கோய் குழுவினர் குராசோ தீவில் ஒரு படி மேலே போய்ப் பார்த்தார்கள். பாறைப் பொந்துக்குள் மெல்லிய படலமாகப் படரும் ஹாலிசார்கா செருலியா என்ற இனத்தின் செல்கள் ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒருமுறை பிளந்து பெருகின. அப்படியென்றால் அது வீங்கி வெடித்திருக்க வேண்டுமே? வளரவேயில்லை. பழைய செல்களைக் கொட்டிக்கொண்டே இருந்தது. அந்தக் குப்பையைப் புழுக்களும் நண்டு வகைகளும் பொறுக்கித் தின்றன. யாராலும் தின்ன முடியாத கரைசலைக் கடற்பஞ்சு வாங்கி, தின்னக்கூடிய துணுக்காக மாற்றித் தருகிறது. 2013இல் வெளியான இந்த வேலைக்குப் பஞ்சுச் சுழற்சி என்ற பெயர் நிலைத்தது. சத்துக் குறைந்த வெப்பக் கடலில் இவ்வளவு உயிர் எப்படி என்ற பழைய புதிருக்குக் கிடைத்த நல்ல விடைகளில் இது ஒன்று. ஆழத்துக்கு இதை அப்படியே பொருத்த முடியுமா என்பது தனிக் கேள்வி. கீழே கரைசலின் பங்கு குறைந்து, பாக்டீரியா போன்ற துகள் உணவின் பங்கு கூடுவதாக ஒரு தரப்பு சொல்கிறது.

அந்தத் தரப்பு மைக்கேல் லெஸ்ஸர், மார்க் ஸ்லாட்டெரி ஆகியோருடையது. அவர்களுடைய வாதம் இப்படி. ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் உள்ளலைகளாக, அதாவது மேற்பரப்பில் தெரியாமல் கடலுக்குள்ளேயே எழும் அலைகளாக, சரிவில் ஏறி வரும். ஃபுளோரிடாவின் கோன்ச் ரீஃப் பகுதியில் இதை நேரடியாக அளந்திருக்கிறார்கள். அந்த நீர் சத்தையும் நுண்மிதவைகளையும் கொண்டு வருகிறது. எனவே கீழே இருக்கும் கடற்பஞ்சுக்கு விருந்து. மேலே இருப்பவற்றைக் கீழே கொண்டுபோய் நட்டால் வேகமாக வளர்கின்றன. ஆகவே ஆழம் கூடக் கூடக் கடற்பஞ்சு பெருகுகிறது.

மறுதரப்பு ஜோசப் பாவ்லிக். அவர் கேட்பது: வேகமாக வளர்ந்தது உணவு கூடியதாலா, தின்ன வரும் மீன் குறைந்ததாலா? கரீபியனில் ஏஞ்சல் மீன்களும் சில கிளிமீன்களும் கடற்பஞ்சைக் கொறிக்கும். அழுங்காமை பெரும்பாலும் கடற்பஞ்சையே தின்று வாழ்கிறது. 1988இல் ஆன் மேலன் அதன் குடலைத் திறந்து பார்த்தபோது கண்ணாடி ஊசிகளாக நிறைந்திருந்தன. பல கடற்பஞ்சுகளின் எலும்புக்கூடு சிலிக்கா ஊசிகளால் ஆனது. இந்த மேய்ச்சலைச் சமாளிக்கச் சில இனங்கள் நச்சு தயாரிக்கின்றன. சில தயாரிக்காமல், அந்தச் சக்தியை வளர்ச்சியில் போடுகின்றன. ஆக, மீன் அதிகமாகப் பிடிபட்ட இடங்களில் நச்சில்லாத, வேகமாக வளரும் வகைகள் தலையெடுத்துப் பவளத்தை மூடுகின்றன.

2019இல் பாவ்லிக்கும் அவருடைய மாணவரும் பழைய கணக்கெடுப்புகளைக் கூட்டிப் பார்த்து, ஆழம் கூடினால் கடற்பஞ்சு கூடும் என்ற பொது விதி தேறாது என்று எழுதினார்கள். சில இடங்களில் கூடுகிறது. சில இடங்களில் குறைகிறது. தரை எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. இந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்றால், கடைசியாகச் சொன்ன பக்கம். செங்குத்தான சுவரில் மணல் தங்காது, பாறை வெறுமையாகக் கிடைக்கும், நீரோட்டமும் உரசிக்கொண்டு போகும். அங்கே கடற்பஞ்சு கொழிக்கும். அதே ஆழத்தில் வண்டல் படியும் சாய்தரையில் அதன் துளைகள் அடைபடும். ஆழம் என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால்தான் முதல் கேள்விக்குப் பாதி உண்மை என்றேன். பவளம் குறைவது வெளிச்சத்தால், அது ஏறக்குறைய எங்கும் நடக்கும். கடற்பஞ்சு பெருகுவது சுவர், நீரோட்டம், மேய்பவர்கள் என்று ஊருக்கு ஊர் மாறும். கரீபியனில் கடற்பஞ்சு இயல்பாகவே அதிகம். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் அதில் ஒரு சிறு பங்குதான், அங்குள்ளவற்றில் பல தாங்களே ஒளிச்சேர்க்கை நுண்ணுயிர்களை வைத்திருக்கின்றன. எனவே ஜமைக்காவில் பார்த்ததை எல்லாக் கடலுக்கும் நீட்டக் கூடாது.

பவளமும் கடற்பஞ்சும் இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன என்பது மட்டும்தான் உறவு என்று நினைத்துவிடாதீர்கள். அடித்துக்கொள்வது உண்டுதான். பாக் விரிகுடாவில் 2015 வாக்கில் பதிவான டெர்பியோஸ் ஹோஷினோட்டா என்ற கடற்பஞ்சு கருஞ்சாம்பல் போர்வையாக உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்து கொல்கிறது. ஆனால் ஆழத்தில் நடக்கும் நாடகம் வேறு.

கிளியோனா என்றொரு துளைக்கும் கடற்பஞ்சு. பவளத்தின் சுண்ணாம்பைச் செல்லால் அரித்து, கண்ணுக்குத் தெரியாத சில்லுகளாகப் பெயர்த்து, தன் வாய் வழியே வெளியே துப்பும். உள்ளே அறை அறையாகக் குடைந்துகொண்டே போகும். மேலிருந்து பார்த்தால் பவளத்துக்கு ஒரு குறையும் தெரியாது. மேல் தோலில் சின்னச் சின்ன மஞ்சள் அல்லது செம்பழுப்புப் புள்ளிகள் இருக்கும், அவ்வளவுதான். அகாரிசியா தகடு சுவரில் ஒட்டியிருப்பதோ ஒரு சிறு காம்பில். தகடு ஆண்டுதோறும் வெளிப்பக்கம் நீண்டு கனக்கிறது, காம்பு உள்ளே மெலிகிறது. ஒருநாள் தகடு உயிரோடு முறிந்து, சரிவில் உருண்டு இருட்டுக்குள் போய்விடும். கோரோவும் வில்லார்ட் ஹார்ட்மனும் 1963இலேயே இதைச் சுட்டிக்காட்டி, ஆழமான சரிவின் வடிவத்தையே தீர்மானிப்பது துளைக்கும் கடற்பஞ்சுதான் என்றார்கள். கறையான் அரித்த உத்தரம் மாதிரி. வண்ணம் பூசியிருப்பதால் விழும்வரை தெரியாது.

இன்னொரு பக்கம், கடற்பஞ்சே பசையாகவும் வேலை செய்கிறது. பனாமாவின் சான் பிளாஸ் பகுதியில் ஜேனி வுல்ஃபும் லியோ பஸ்ஸும் சிறு திட்டுகளிலிருந்து கடற்பஞ்சுகளை மட்டும் பொறுக்கி எடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் அந்தத் திட்டுகள் நூற்றுக்கு 40 பவளங்களை இழந்தன. தொடாமல் விட்ட திட்டுகள் இழந்தது வெறும் 4. அது ஆழமில்லாத இடத்துச் சோதனை என்பதைச் சொல்லிவிட வேண்டும். முறிந்த துண்டைப் பிடித்து வைத்து, அது மறுபடி ஒட்டிக்கொள்ள நேரம் கொடுப்பது கடற்பஞ்சு என்பது அதில் தெளிவாயிற்று. ஒரு இனம் குடைகிறது, இன்னொரு இனம் கட்டி வைக்கிறது. கடற்பஞ்சு பவளத்துக்கு நண்பனா எதிரியா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தக் கடற்பஞ்சு என்று கேளுங்கள்.

எனக்கு இந்த மண்டலத்தில் மிகப் பிடித்த ஆள் செரடோபொரெல்லா நிக்கல்சோனி. கியூபா அருகே ஆழத்திலிருந்து வாரி எடுத்த மாதிரியைப் பார்த்து 1911இல் ஹிக்சன் இதைப் பவள வகை என்றே வகைப்படுத்தினார். அவரைக் குறை சொல்ல முடியாது. கல் மாதிரி கனக்கும், தட்டினால் ஓசை வரும், சுண்ணாம்புதான். 1960களில் கோரோவும் ஹார்ட்மனும் ஜமைக்காவின் குகை விதானங்களிலும் ஆழச் சுவரிலும் உயிரோடு பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. கல்லின் மேலே ஆரஞ்சுத் தோலாக ஒட்டியிருந்தது கடற்பஞ்சு. பவளம் மாதிரி சுண்ணாம்பு கட்டும் கடற்பஞ்சு! அந்தச் சுவரில் 70 முதல் 105 மீட்டர் வரை பாறையைக் கட்டி எழுப்பும் முக்கியக் கொத்தனார் இதுவே என்று 1975இல் ஜூடித் லாங் உள்ளிட்டோர் எழுதினார்கள். பவளம் கைவிட்ட இடத்தில் கடற்பஞ்சு கட்டட வேலையை எடுத்துக்கொள்கிறது.

வேகம் மட்டும் கேட்காதீர்கள். ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு 50 ஆண்டு. அதனாலேயே இதன் சுண்ணாம்பு கடல் வெப்பத்தைப் பதிந்து வைத்த ஒரு பழைய ஏடு. போர்ட்டோ ரிக்கோ அருகே எடுத்த மாதிரிகளை வைத்து, கடல் சூடேறத் தொடங்கியது 1860களிலேயே, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரி என்ற வரம்பை உலகம் ஏற்கெனவே தாண்டிவிட்டது என்று 2024இல் ஒரு கட்டுரை வந்தது. ஒரே வட்டாரத்துக் கடற்பஞ்சை வைத்து உலகத்துக்கே கணக்குச் சொல்லலாமா என்று பலர் எதிர்த்தார்கள். எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு.

அப்புறம் இரண்டாவது கேள்வி: ஆழம் அடைக்கலமா?

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. ஜமைக்காவின் ஆழமற்ற திட்டுகளில் 1977இல் நூற்றுக்கு 52 பங்காக இருந்த பவளப் பரப்பு 1993இல் 3 ஆகிவிட்டது. 1980இன் ஆலன் சூறாவளி, பாசியை மேய்ந்த கருமுள் கடல்முள்ளெலிகளின் கொள்ளைச் சாவு, மிகை மீன்பிடி எல்லாம் சேர்ந்து செய்த வேலை. கீழே எட்டிப் பார்த்தால் அலை இல்லை, வெயில் இல்லை, நீர் குளிர்ச்சி. விதைநெல்லைக் குதிரில் போட்டு வைத்த மாதிரி என்று யாருக்கும் தோன்றும்.

முதல் சிக்கல், குதிரில் இருப்பது வேறு நெல். ஜமைக்காவின் மேல்திட்டைக் கட்டியவை மான்கொம்பு போன்ற அக்ரோபோரா வகைகள். அவை ஆழத்தில் வாழ்வதே இல்லை. அகாரிசியா கிரஹாமே ஆயிரம் லார்வாவை மேலே அனுப்பினாலும் அக்ரோபோரா திரும்பாது. 2018இல் லூயிஸ் ரோச்சா குழுவினர் பல கடல்களில் 150 மீட்டர் வரை எண்ணிப் பார்த்து, மேலும் கீழும் பொதுவான இனங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்றார்கள். இரண்டாவது, ஒரே இனமாக இருந்தாலும் போக்குவரத்து நிச்சயமில்லை. பெர்முடாவில் பிம் பொங்கார்ட்ஸ் குழு இரண்டு இனங்களின் மரபணுவைப் பார்த்தது. ஸ்டெஃபனோசினியா மேலும் கீழும் கலந்தே இருந்தது. அகாரிசியா ஃபிராஜிலிஸ் 12 மீட்டரில் ஒரு குடும்பம், 40 மீட்டரில் வேறு குடும்பம் என்று பிரிந்து கிடந்தது.

மூன்றாவதுதான் கவலைக்குரியது. ஆழமும் சுடுகிறது. 2016 வெப்ப அலையில் கிரேட் பேரியர் ரீஃபின் வடபகுதியில் 40 மீட்டரிலும் பவளங்கள் வெளிறின, மேலே இருந்ததைவிடக் குறைவு என்பது மட்டுமே ஆறுதல். நம் பக்கத்துக் கடலில் நடந்தது இன்னும் விசித்திரம். இந்தியப் பெருங்கடல் நடுவே சாகோஸ் தீவுக்கூட்டத்தில் எக்மான்ட் பவளத்தீவு. 2019 நவம்பரில் அங்கே தொலைவிலிருந்து இயக்கும் கலத்தை இறக்கியவர்கள் 90 மீட்டரில் வெளிறிய பவளங்களைப் பார்த்தார்கள். மேலே ஆழமற்ற பகுதியில் வெளிறல் இல்லை! பருவமழைச் செய்திகளில் ஐ.ஓ.டி. என்று அடிபடுமே, இந்தியப் பெருங்கடல் இருமுனை (கடலின் கிழக்கு, மேற்குப் பகுதிகளின் வெப்பநிலை வேறுபடும் நிகழ்வு), அது அந்த ஆண்டு மிக வலுவாக இருந்தது. வெந்நீர் அடுக்கு வழக்கத்தைவிடத் தடிமனாகிக் கீழே அமிழ்ந்தது. 90 மீட்டரில் 22 டிகிரிக்குப் பழகியிருந்த பவளம் திடீரென 29 டிகிரியில் நின்றது. மேலே இருப்பவற்றுக்கு 29 அன்றாடம். செயற்கைக்கோள் கடலின் மேல்தோல் வெப்பத்தைத்தான் பார்க்கும், எனவே எந்த எச்சரிக்கையும் வரவில்லை. கலம் அங்கே போகாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

2020இலும் 2022இலும் மறுபடி போனபோது அந்தப் பவளங்களில் பெரும்பகுதி நிறம் மீண்டிருந்தன. ஆழத்தில் இருப்பவை தப்பிப்பது உண்டு, மேலே வந்து குடியேறுவதுதான் நிச்சயமில்லை. கால்பங்கு உண்மை என்று நான் சொன்னது இதற்காகத்தான்.